திம்மராயன் சொன்ன பச்சை

ஓசூரில் டிரான்ஸ்ஃபார்மர் சுற்றத் தெரிந்தவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். கையில் கம்பி ஓடிக்கொண்டிருக்கும்போதே இது எத்தனையாவது சுற்று என்று எண்ணாமல் சொல்லக்கூடிய ஆள் ஒருவர்தான் இருந்தார். அவர் ஆரோக்கியநாதன். இதை அடுத்தவர் சொல்லிக் கேட்க வேண்டியதில்லை, அவரே சொல்லிவிடுவார். ஊத்தங்கரைப் பக்கத்துக் கிராமத்தில் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, இருபத்தொரு வயதில் ஒரு துணிப்பையோடு பஸ் ஏறி வந்தவர். சிப்காட் கம்பெனியில் முதல் வருஷம் கூட்டிப் பெருக்கினார். மூன்றாம் வருஷம் காயில் சுற்றும் மிஷினில் உட்கார்ந்தார். பத்தாம் வருஷம் டிப்ளமா படித்தவர்கள் அவர் முன்னால் வந்து, "அண்ணா, இது ஏன் சூடாவுது?" என்று நின்றார்கள். இரண்டு மாடி வீடு, இரண்டு பெண்களுக்கும் படிப்பு, கல்யாணம், எல்லாம் சொந்தக் கையால். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் தனக்குத் தண்ணிபட்ட பாடு என்பார். சும்மா சொல்லக் கூடாது, அவர் பெருமைப்பட்டதில் முக்கால்வாசி நியாயமான பெருமைதான்.

அந்தப் பெருமையில் ஒரே ஒரு முள் இருந்தது. அது திம்மராயன் வீட்டுக் கூடத்தில் இருந்தது.

திம்மராயன் அதே கம்பெனியில் டெஸ்டிங் பிரிவு. கெலவரப்பள்ளி அணைக்குப் பக்கத்தில் நிலம் உள்ள தெலுங்குக் குடும்பம். அதிகம் பேசாத ஆள். சுற்றினவனே தான் சுற்றியதை அளந்து பார்க்கக் கூடாது என்பது அந்தக் கம்பெனியின் சட்டம். அதனால் இருபத்தொன்பது வருஷம் ஆரோக்கியநாதன் சுற்றினார், திம்மராயன் அளந்தார். ஒரு தடவைகூட ஆரோக்கியநாதன் மீட்டரைக் கையில் எடுத்ததில்லை. "அது டெஸ்டிங் வேல. நான் என்னாத்துக்கு அதத் தொடணும்?" என்பார். திம்மராயன் மீட்டர் முள்ளைப் பார்த்துத் தலையை ஆட்டினால் போதும். அதற்கு மேல் கடவுளே வந்து வேறு கணக்குச் சொன்னாலும் ஆரோக்கியநாதன் நம்ப மாட்டார்.

தொண்ணூற்றொன்றில் திம்மராயன், ஊர் மாறிப் போன ஒரு மேலதிகாரியிடமிருந்து இசைத்தட்டுப் பெட்டி ஒன்றை வாங்கினார். தட்டில் ஓடும் ஊசி தரும் சத்தம் மிகவும் சன்னமானது. அதைத் தூக்கிவிட்டுத்தான் பெரிய ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்ப வேண்டும். அந்தத் தூக்கிவிடும் வேலைக்கு ஒரு ப்ரீஆம்ப் வேண்டும். ஆரோக்கியநாதன் தன் கையாலேயே அதைக் கட்டிக் கொடுத்தார். தானே சுற்றிய டிரான்ஸ்ஃபார்மரை அந்தப் பெட்டிக்குள்ளேயே வைத்து மூடினார். பெட்டி பாடியது. ஆனால் பாட்டுக்கு அடியில் எப்போதும் 'ம்ம்ம்' என்று ஒரு ஹம்மிங் இருந்தது. முதல் நாளே திம்மராயன் காதைச் சாய்த்துக் கேட்டார். "அது ஒண்ணுமில்லடா, பெட்டி மூச்சு உடுது" என்றார் ஆரோக்கியநாதன். திம்மராயன் அதற்கு மேல் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. முப்பத்துமூன்று வருஷம் எடுக்கவில்லை.

போன வருஷம் மாங்காய் சீசன் முடிகிற நேரம் திம்மராயனுக்குக் கல்லீரலில் கட்டி என்று தெரிந்தது. பெங்களூரில் பார்த்தார்கள். ஒன்றும் செய்வதற்கில்லை, வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். ஆரோக்கியநாதனும் அவர் மனைவி ஜெபசீலியும் பார்க்கப் போனார்கள். திம்மராயன் தலையணையில் சாய்ந்தபடி கொஞ்ச நேரம் ஊர்க்கதை பேசினார். பிறகு சொன்னார்:

"ஆரோக்கியம், ஒண்ணு கேட்டா கோவிச்சுக்கக் கூடாது."

"கேளுடா."

"அந்த நாதஸ்வரத் தட்டு இருக்குதில்ல? ஊதறவரு ராகத்துக்கு நடுவுல ஒரு எடத்துல மூச்சு இழுப்பாரு. அந்த மூச்ச ஒரு தடவ கேக்கணும். முப்பத்திமூணு வருசமா அந்த எடத்துல நான் உன் டிரான்ஸ்ஃபார்மரத்தான் கேக்கறேன்."

ஜெபசீலிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "ஒருத்தராச்சும் சொன்னீங்களே அண்ணா! இவரு சுத்தினதுல குத்தமே இல்லன்னு நானும் இத்தன வருசம் நம்பிக்கினு கீறேன்."

ஆரோக்கியநாதனுக்குக் காது மடல் சூடாகிவிட்டது. வேறு யாராவது சொல்லியிருந்தால் நடப்பதே வேறு. "புதுசா ஒண்ணு சுத்தி, தனிப் பெட்டில வெளிய வெச்சுடறேன்" என்றார்.

"சுத்த வேணாம். நாள் ஆவும். நம்ம டெஸ்ட் பெஞ்சுல இருந்துதே பவர் சப்ளை, அந்த மாதிரி ஒண்ணு காயலான் கடையில கெடைக்கும். அது குடுக்கற கரண்ட்டு பால் மாதிரி சுத்தம்."

தன் கையால் சுற்றியதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, யாரோ சுற்றிய பழையதை மாட்டுவது. நினைக்கவே ஆரோக்கியநாதனுக்குப் பொறுக்கவில்லை. ஆனாலும் மறுநாள் விடிந்ததும் சிப்காட்டுக்குப் பின்னால் உள்ள தீர்த்தகிரியின் காயலான் கடைக்குத்தான் போனார். அவர்கள் வேலை பார்த்த கம்பெனி மூடி நாலு வருஷம் ஆகிறது. அங்கிருந்த சாமான்கள் பாதி தீர்த்தகிரியிடம்தான் குவிந்து கிடந்தன.

"வாங்க பெரிய மேஸ்திரி! நீங்களே ஊருக்கெல்லாம் சுத்திக் குடுக்கற ஆளு. எங்கிட்ட செகண்ட் ஹேண்டு கேட்டு வந்திருக்கீங்க, மழ வரும்போல."

"எனக்கில்லடா. எடுறா அந்த சாம்பல் கலர் பெட்டிய."

அதேதான். அவர்கள் டெஸ்ட் பெஞ்சில் இருந்த அதே வகை. முகப்பில் எழுதியிருந்ததெல்லாம் தேய்ந்து போயிருந்தது. பின்னாலிருந்து மூன்று ஒயர் தொங்கியது: சிவப்பு, மஞ்சள், பச்சை. ப்ரீஆம்புக்கு வேண்டியதும் மூன்றுதான். ஒன்று பிளஸ், ஒன்று மைனஸ், இரண்டுக்கும் நடுவில் ஜீரோ. எது எதற்கு என்று திம்மராயனைத் தவிர யாருக்குத் தெரியும்?

மறுநாள் காலை பத்து மணிக்குத் திம்மராயன் வீட்டுக் கூடத்தில் வேலை ஆரம்பித்தது. திம்மராயன் உள் அறையில் கட்டிலில் கிடந்தார். கதவு திறந்திருந்தது. முகம் தெரியாது, குரல் கேட்கும். அவர் மனைவி மங்கம்மா சமையலறையில் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தார். ஆரோக்கியநாதன் தன் டிரான்ஸ்ஃபார்மரைக் கழற்றித் தரையில் வைத்தார். வைக்கும்போது அதை ஒரு தரம் தடவிப் பார்த்தார். பிறகு ஈயம் உருக்கும் கம்பியைச் சூடேற்றிக்கொண்டு உள்ளே பார்த்துச் சத்தம் போட்டார்:

"திம்மா! ஜீரோ எதுடா?"

ஒரு நொடிகூட ஆகவில்லை. "செவப்பு பிளஸ். பச்சை ஜீரோ. மிச்சம் இருக்கறது மைனஸ். கண்ண மூடிக்கினு சொல்லுவேன்."

"சரி."

"எதுக்கும் மீட்டர் வெச்சு ஒரு தபா பாத்துடு. அலமாரில கீது. மங்கம்மாவ எடுத்துத் தரச் சொல்லட்டா?"

"நீ சொன்னதுக்கு மேல மீட்டரு என்னாத்துக்கு?" என்றார் ஆரோக்கியநாதன். அது நண்பனுக்குச் செய்த மரியாதை. மீட்டரின் குமிழைத் திருப்பி வைத்து அளக்கத் தனக்குச் சரியாக வராது என்பதும் அதில் கொஞ்சம் உண்டு. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

பச்சையை ஜீரோவில் பற்றவைத்தார். மஞ்சளை மைனஸில் பற்றவைத்தார். நாதஸ்வரத் தட்டைத் துடைத்து ஏற்றினார். "கேட்டுக்கடா!" என்று சுவிட்சைப் போட்டார்.

பட்டென்று ஒரு சத்தம். பின்னாலேயே இன்னொன்று. கண்டென்சர்கள் வெடித்து, பெட்டியின் வாயிலிருந்து வெள்ளைப் புகை எழுந்தது. காரமான நாற்றம் கூடம் முழுக்கப் பரவியது. கரண்ட்டைப் பிடுங்குவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

"என்னடா சத்தம்?" என்றது உள்ளிருந்து.

ஆரோக்கியநாதன் பெட்டிக்குள் குனிந்து பார்த்தார். அவர் தொட்டு இதுவரை எந்தப் பெட்டியும் எரிந்ததில்லை. "போச்சு! எல்லாம் போச்சு! நீ சொன்னபடிதான்டா மாட்டினேன். உன் பேச்சக் கேட்டு மாட்டினேன் பாரு, என்னச் சொல்லணும்!"

"பச்சைன்னா சொன்னேன்?"

"பச்சைன்னுதான் சொன்ன. மங்கம்மாவ வேணா கேளு."

மங்கம்மா கரண்டியோடு வாசற்படியில் வந்து நின்றார். "பச்சைன்னுதான் சொன்னீங்க."

"அப்படின்னா இந்த சப்ளை வேற மாதிரியோ என்னவோ..."

"நம்ம பெஞ்சுல இருந்த அதே சப்ளைடா! அதே பெட்டி! உனக்குத்தான் ஞாபகம் கெட்டுப்போச்சு. தெரியலன்னா தெரியலன்னு சொல்லித் தொலைக்க வேண்டியதுதான?"

உள்ளே கட்டில் முனகியது. பிறகு திம்மராயன் மெல்லச் சொன்னார்: "ஆமாம்டா. எனக்குப் புத்தி போயிடுச்சு போல கீது."

ஆரோக்கியநாதன் எரிந்த பெட்டியையும் பவர் சப்ளையையும் தூக்கிக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கு வந்துவிட்டார். ஜெபசீலி கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "போற மனுசன் கிட்டயா போய்க் கத்துனீங்க?"

"தப்புன்னா தப்புதான். அதுல போறவன் என்ன, இருக்கறவன் என்ன."

இரண்டு நாள் கழித்து மங்கம்மாவிடமிருந்து போன் வந்தது. "அண்ணா, அவரு ஒரு மாதிரி ஆயிட்டாரு. மாத்திரை போட்டேனா, போட்டேனான்னு பத்து தடவ கேக்கறாரு. நான் போட்டீங்கன்னு சொன்னா நம்ப மாட்டேங்கறாரு. டெஸ்டிங்ல கூட வேல செஞ்சவங்க பேரெல்லாம் வரிசையா சொல்றாரு, சரியா இருக்குதான்னு என்னக் கேக்கறாரு. எனக்கு என்னாண்ணா தெரியும்? நீங்க வந்து ஏதாச்சும் தெம்பா சொல்லுங்க. எனக்கு மூளையும் போயிடுச்சுடி, இனிமே நான் என்னா பேசினாலும் நம்பாதன்னு சொல்றாரு."

அப்போதுதான் ஆரோக்கியநாதனுக்கு உறைத்தது. உடம்பு போகிறது என்று டாக்டர் சொன்னபோது கலங்காத மனிதன் அவன். அளவில் தப்பு வராது என்பது ஒன்றுதான் திம்மராயனின் சொத்து. ஒரு கத்தலில் அதைத் தான் பிடுங்கிப் போட்டுவிட்டோம். சமாதானம் சொல்லலாம் என்று கிளம்பினார். என்ன சமாதானம் என்று அவருக்கே தெரியவில்லை. தப்புச் சொன்னது திம்மராயன்தானே?

அவர் போனபோது திம்மராயன் மருந்து மயக்கத்தில் இருந்தார். இமை பாதி மூடியிருந்தது. மங்கம்மா பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார்.

"பகலெல்லாம் இப்படித்தாண்ணா. கண்ணப் பாத்தீங்களா? நேத்துலருந்து ஒரே பச்சையா ஆயிடுச்சு."

ஆரோக்கியநாதன் குனிந்து பார்த்தார். கண்ணின் வெள்ளை, அரைத்த மஞ்சளைப் பூசினது போல இருந்தது.

"பச்சையா? எங்கம்மா பச்சை?"

"என்னாண்ணா, தெரியலயா உங்களுக்கு? பச்ச காமெர்லு, அதான் காமாலை, வந்திருக்குது, கண்ணு பச்சையாத்தான ஆவும்?"

"இது மஞ்சள்மா."

"நீங்க மஞ்சள்ம்பீங்க. எங்க தெலுங்குல பச்சைன்னுதான் சொல்லுவோம்."

"அப்போ எலை? மரத்து எலை?"

"அது ஆக்குபச்ச."

ஆரோக்கியநாதன் அப்படியே கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் தெலுங்கு சந்தைத் தெலுங்கு. விலை கேட்கும், வழி கேட்கும், கேலி பேசும். நோய்க்கும் நிறத்துக்கும் அதில் வேலை வந்ததே இல்லை. கம்பெனியில் இருபத்தொன்பது வருஷமும் ஒயர் என்றால் 'ரெட்', 'எல்லோ', 'கிரீன்' தான். பச்சை என்று யாரும் சொன்னதில்லை. வேலையை விட்ட பிறகு, நோயில் படுத்த பிறகு, கம்பெனி இங்கிலீஷ் ஒவ்வொன்றாகத் திம்மராயன் நாக்கிலிருந்து உதிர்ந்து, அவர் தாய் பேசின பேச்சு அந்த இடத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது. சொன்னது சரி. கண்ணை மூடிக்கொண்டு சரியாகச் சொல்லியிருக்கிறார். மங்கம்மா சாட்சி சொன்னதும் சரி. கேட்ட காதுதான் தப்பு.

"எழுப்பட்டுமா அண்ணா? கூப்ட்டா முழிச்சுக்குவாரு" என்றார் மங்கம்மா.

ஒரு வாக்கியம் போதும். 'நீ சொன்னது சரிடா, நான்தான் தப்பாக் கேட்டேன்.' அதைச் சொல்ல எத்தனை நேரம் ஆகும்? ஆனால் மன்னிப்புக் கேட்டுப் பழகாத வாய் அது. வெறுங்கையோடு நின்று கேட்பதை நினைத்தாலே கூசியது. பெட்டியைச் சரி பண்ணி, கொண்டுவந்து வைத்து, அந்த நாதஸ்வரக்காரர் மூச்சு இழுக்கிற இடத்தைக் காட்டிவிட்டுச் சொன்னால் அது எவ்வளவு கம்பீரமாக இருக்கும்!

"வேணாம், தூங்கட்டும். நாலு நாள்ல வரேன். அந்த மீட்டர மட்டும் எடுத்துக் குடும்மா" என்றார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பூசைக்குப் போய்விட்டு வந்து, வாழ்க்கையில் முதல் தடவையாக மீட்டரைக் கையில் எடுத்தார். சிவப்புக்கும் மஞ்சளுக்கும் நடுவில் பதினைந்து. மஞ்சளுக்கும் பச்சைக்கும் நடுவில் பதினைந்து. மஞ்சள்தான் ஜீரோ. திங்கட்கிழமை பெங்களூரு போய் எஸ்.பி. ரோட்டில் கடை கடையாக ஏறி, கருகிப்போன ஐ.சி.க்கும் கண்டென்சர்களுக்கும் மாற்று வாங்கி வந்தார். செவ்வாய்க்கிழமை முழுக்க உட்கார்ந்து பற்றவைத்தார். ஒவ்வொரு இடத்திலும் மீட்டர் வைத்துப் பார்த்தார். சாயந்திரம் தன் வீட்டு ஆம்ப்ளிஃபயரில் மாட்டி, சத்தத்தை முழுக்கத் திருகிவிட்டுக் காதை ஸ்பீக்கரோடு ஒட்டிக்கொண்டார்.

ஜெபசீலி எட்டிப் பார்த்தார். "என்னங்க, இன்னும் வேல செய்யலயா?"

"செய்யுது."

"ஒண்ணும் கேக்கலயே?"

"அதான் வேல செய்யுதுன்னு சொல்றேன்." கொஞ்சம் பொறுத்துச் சொன்னார்: "அவன் சொன்னது சரிதான். பெட்டி மூச்சு உடல. நான் சுத்தினதுதான் இரைஞ்சுக்கினு இருந்திருக்குது."

நாற்பது வருஷத்தில் கணவன் வாயிலிருந்து இப்படி ஒரு பேச்சை ஜெபசீலி கேட்டதில்லை. அதை அவர் கேலி செய்யவில்லை. "போன் போட்டு இப்பவே சொல்லிடுங்களேன்" என்றார்.

"போன்லயா? காலையில நேர்லயே போறேன்."

புதன்கிழமை காலை பெட்டியைத் துணியில் சுற்றி வண்டியில் கட்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. திம்மராயன் மகன் ஜெகதீஷ். குரலைக் கேட்டதுமே தெரிந்துவிட்டது. கட்டிய கயிற்றை அவிழ்த்து, பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, வெறுங்கையோடுதான் போனார்.

அவர்கள் நிலத்திலேயே புதைத்தார்கள். மண் தள்ளிவிட்டு வந்து உட்கார்ந்தபோது மங்கம்மா யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தது அவர் காதில் விழுந்தது. கடைசி மூன்று நாளும் திம்மராயன் தன்னைத்தானே சோதித்துப் பார்த்துக்கொண்டிருந்தாராம். மனைவியைக் கேள்வி கேட்கச் சொல்லிப் பதில் சொல்வாராம். ஒயர் நிறத்தையும் கேட்கச் சொல்வாராம். "செவப்பு பிளஸ், பச்சை ஜீரோன்னு சொல்லுவாரு. சொல்லிட்டு, இல்ல இல்ல, அது தப்பு, அதுதான தப்புன்னு அவரே தலைய ஆட்டுவாரு. அப்புறம் சரியானது எதுன்னு தெரியாம அழுவாரு."

ஆரோக்கியநாதன் அதற்கு மேல் கேட்க மாட்டாமல் எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டார்.

பதினோராம் நாள் காரியத்துக்கு ஜெபசீலியோடு போனார். பந்தல் போட்டிருந்தார்கள். கெலவரப்பள்ளிப் பக்கத்துச் சொந்தங்கள், பழைய கம்பெனி ஆட்கள் என்று நிறையப் பேர். பந்தியில் இலை போட்டு உட்கார்ந்தார். மங்கம்மா வரிசையாக ஒவ்வொருவரையும் விசாரித்துக்கொண்டு வந்தார். இவர் முன்னால் வந்ததும் ஆரோக்கியநாதன் எழுந்து நின்றுவிட்டார்.

"உக்காருங்கண்ணா, எலை போட்டு எழுந்திருக்கக் கூடாது."

"தங்கச்சி, ஒண்ணு சொல்லணும். அன்னிக்குத் திம்மன் சொன்னது தப்பில்ல. மஞ்சளத்தான் பச்சைன்னு உங்க பேச்சுல சொன்னான். நான் தமிழ்ல கேட்டுக்கினேன். பெட்டிய எரிச்சது நான்."

மங்கம்மாவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அவருக்கு ஒயரும் ஜீரோவும் தெரியாது. பெட்டி எரிந்தது யாரால் என்பதில் அவருக்கு அக்கறையும் இல்லை. அவர் வேறொன்றைப் பிடித்துக்கொண்டார்.

"அப்போ அவரு புத்தி? கடைசி வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சா?"

"நல்லா இருந்துச்சும்மா. என்னோடத விட நல்லா இருந்துச்சு."

"எப்ப தெரியும் உங்களுக்கு?"

ஆரோக்கியநாதன் பொய் சொல்லியிருக்கலாம். "அன்னிக்கே. நீ கண்ணக் காட்டினியே, அன்னிக்கே."

மங்கம்மா அவரையே பார்த்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுத்த இலைக்கு நகர்ந்தார். அங்கே உட்கார்ந்திருந்த தன் தமையன் வெங்கடசாமியிடம் குனிந்து தெலுங்கில் சொன்னார்: அவருக்குப் புத்தி தப்பவே இல்லையாம், கடைசி வரைக்கும் தெளிவாகத்தான் இருந்தாராம், இந்த அண்ணன்தான் மாற்றிக் கேட்டுவிட்டாராம். வெங்கடசாமி திரும்பி ஆரோக்கியநாதனைப் பார்த்தார். மங்கம்மா அதற்கடுத்த இலைக்குப் போனார். அங்கேயும் அதையே சொன்னார். எதிர் வரிசைக்குப் போய் மாமியார் வீட்டுக்காரர்களிடம் சொன்னார். ஒவ்வொரு தடவையும் அவர் குரல் கொஞ்சம் உயர்ந்தது. ஒவ்வொரு தடவையும் ஒரு முகம் சோற்றிலிருந்து நிமிர்ந்து இந்தப் பக்கம் திரும்பியது.

"போயிடலாமாங்க?" என்று ஜெபசீலி காதோடு கேட்டார்.

"இரு" என்றார் ஆரோக்கியநாதன். "இன்னும் ரெண்டு வரிசை கீது. எல்லார்கிட்டயும் சொல்லி முடிக்கட்டும்."

உட்கார்ந்து, சோற்றில் கை வைத்தார்.